மரச்செருப்பில் விழும் காசு

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன்.
‘கடந்த நான்கு வாரங்களில் பிள்ளைக்குத் தலைவலி:
இல்லவே இல்லை. எப்போதாவது. அடிக்கடி.’
கீழே படகொன்று ஹார்ன் அடிக்கிறது.
பேனாவை மூடிவிட்டுப் பாலத்தைத் தூக்கப் போகிறேன்.

ஃப்ரீஸ்லாந்தின் இந்தக் கால்வாயில்
பதினோரு வருடமாக இதுதான் வேலை.
சாலையை நடுவில் பிளந்து
தண்ணீருக்கு வழிவிட்டு
மறுபடி சாலையைச் சேர்த்துவைப்பது.
சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றிக் காத்திருப்பார்கள்.
யாரும் பதறுவதில்லை.

ஹிஸ்காவுக்கு ஒன்பது வயது.
வலிப்பு வந்த நாட்கள் காலண்டரில் சிவப்பாக இருக்கின்றன,
மணி, நிமிடம், எத்தனை நொடி.
மார்ச்சில் இரண்டு. ஏப்ரலில் ஒன்று.
நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது என்று
டாக்டர் கை குலுக்கினார்.
அன்று திரும்பும் வழியெல்லாம் அவள்
கார்க் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டே வந்தாள்.
குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

வலிப்பை எண்ணிவிட்டோம்.
வலியை எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

வயிற்றைப் பிசைகிறது என்பாள், காலை ஏழரைக்கு,
கோட்டின் மூன்றாவது பொத்தானில்
விரல் நடுங்கி நிற்கும்போது.
மாத்திரையா, பள்ளிக்கூடமா, பயமா,
எதன் வேலை என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.
ஒரு வியாழக்கிழமை. கணக்குப் பரீட்சை.
சாக்கு என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.
விளையாட்டுப் பைக்குள்ளேயே வாந்தி எடுத்து
ஜிப்பையும் மூடி
சாயங்காலம் வரை முதுகில் சுமந்திருக்கிறாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

‘அடிக்கடி’ என்று போடு, என்கிறாள் ஆவுக்யா போனில்.
ராத்திரி அவள் பல்லைக் கடிக்கும் சத்தம்
உனக்குக் கேட்பதில்லை.
தம்பி டௌவாவிடம் யாரும் கேட்கவில்லை, அவனே சொல்கிறான்:
அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டால்
மூன்று நாளைக்குத் தயிரெல்லாம் அவளுக்குத்தான்.

நீச்சல் குளத்தில் அவளுக்கு மட்டும் ஆரஞ்சுத் தொப்பி,
கையெட்டும் தூரத்தில் ரின்ஸா வாத்தியார்.
தலைவலியைவிட அந்தத் தொப்பிதான்
இறுக்குகிறது என்றாள் ஒருமுறை.

சனிக்கிழமைகளில் சுங்கம் அவள் பொறுப்பு.
தூண்டில் கோலின் நுனியில் ஒற்றை மரச்செருப்பு.
படகு கடக்கும்போது நீட்டினால் காசு போடுவார்கள்.
கை நடுங்குவதால் செருப்பும் ஆடும்.
விளையாட்டுக் காட்டுகிறாள் என்று சிரிப்பார்கள்.
அவளும் திருத்துவதில்லை.

போன வாரம் பிரெமனிலிருந்து ஒரு படகு.
நாணயத்தைப் பிடித்தபடி ஒரு தாடிக்காரர்.
செருப்பு ஆடாமல் நின்றது.
அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.
கண் திறந்திருந்தது. அவள் இல்லை.
பின்னால் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு
பதினான்கு வரை எண்ணினேன்.
அவர் இன்ஜினை அணைத்துவிட்டு
எதுவும் கேட்காமல் மிதந்தார்.
இருபுறமும் சைக்கிள்கள்.

பிறகு செருப்பு ஆடத் தொடங்கியது.
‘போட்டுட்டாரா?’
இன்னும் இல்லை, என்றேன்.
‘அப்ப ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?’

காசு விழுந்தது.
தலை வலிக்கிறது என்று சொல்லி
என் நாற்காலியின் கீழே, ஹீட்டர் பக்கம், சுருண்டுகொண்டாள்.
மீதி ஆறு படகுக்கு நான்தான் கோல் பிடித்தேன்.
எனக்குச் சரியாக வரவில்லை,
இரண்டு யூரோ தண்ணீரில் போனது.

பாலத்தை இறக்கிவிட்டு வந்து உட்காருகிறேன்.
‘அடிக்கடி.’
ஓரத்து வெள்ளையில் அந்தப் பையைப் பற்றி
எழுதத் தொடங்கி, இடம் போதாமல், விட்டுவிட்டேன்.
அடுத்த கேள்வி:
பிள்ளை வயதுக்கேற்ற வேலைகளைச் செய்கிறாளா?
சுங்கம் வசூலிக்கிறாள், என்று எழுதுகிறேன்.
கடைசியாக எண்ணியபோது
பதினெட்டு யூரோ ஐம்பது,
யாரோ போட்ட ஒரு சட்டைப் பொத்தான்.